வெந்நீர் அக்கா வீட்டுக் கடுகு

இன்றைக்குத் தற்செயலாகச் சந்தித்தது வெந்நீர் அக்காவை. பெயரைக் கேட்டதும் யாரோ வைத்தியம் பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் புகைபோக்கி வைத்த ஒரு நீளக் கட்டடம் இருக்கிறதே, சலவைக்கூடம், அங்கே வேலை பார்க்கிறவர். அவர் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போன இடத்தில், பஞ்சர் ஒட்டி முடிவதற்குள் கையில் ஒரு தட்டு வந்துவிட்டது. சோறு, அதன் மேல் கடுகு அரைத்துப் பிசைந்த உருளைக்கிழங்கு. முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர். பாதித் தண்ணீருக்குக் காரணம் கடுகு. மீதிப் பாதி, அந்தக் கடுகின் கதையைக் கேட்ட பிறகு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

முதலில் அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடலாம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவுக்குச் சலவைக்கூடத்தில்தான் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, பச்சை அங்கி, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரங்களுக்குள் கொதிக்கிற தண்ணீர் சுழலும். கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அறையும். அந்த ஆவியிலேயே வருஷக்கணக்காக நின்றதால் அக்காவின் மனதில் ஒரு விஷயம் கல்லில் வெட்டின மாதிரி பதிந்துவிட்டது. உலகத்தில் எந்த அழுக்கும் எந்தக் கிருமியும் வெந்நீருக்கு முன்னால் நிற்காது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை அதே புத்தியில்தான் இருக்கும். காய்க்கு வெந்நீர், தட்டுக்கு வெந்நீர், கரண்டிக்கு வெந்நீர், சீப்புக்கு வெந்நீர்.

"போன வாரம் என் சட்டைப் பொத்தான வேக வெச்சா," என்று அவர் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். "நல்ல வேளை, சட்டைக்குள்ள நான் இல்ல."

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. வாய் மூடாது. கடை முன்பக்கம், அதற்குப் பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் சமையலறை, அவ்வளவுதான் வீடு. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆனதும் கையில் இருக்கிற கிரீஸைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்காருவார். அதற்கப்புறம் நிகழ்ச்சி ஆரம்பம். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வர்ணனை இருக்கும்.

"இன்னைக்கு உப்பு கொஞ்சம் லேட்டு. பஸ்ஸ விட்டுட்டு ஓடி வந்து ஏறின மாதிரி தனியா நிக்குது."

"பேசாம சாப்பிடுங்க."

"இந்த முட்டைக்கோஸுக்கு என்னம்மா அவ்வளவு அவசரம்? வேகறதுக்கு முன்னாடியே அடுப்ப விட்டு எறங்கி வந்துடுச்சு."

"அப்போ நாளைக்கு நீங்களே சமைங்க."

"சமைச்சா குறை சொல்ல ஆள் வேணுமே. உனக்கு அந்த அளவுக்குப் பேச்சு வராது."

அக்கா முகத்தைச் சுளிப்பார். ஆனால் மறுநாள் உப்பு சரியான நேரத்துக்கு வந்துவிடும். முட்டைக்கோஸ் நிதானமாக வெந்திருக்கும். வெளியே சொல்லிக்கொண்டதில்லையே தவிர, அந்த வர்ணனைக்காகத்தான் அவர் சமைத்ததே. சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு துவைத்தாலும் யாரும் வந்து இந்த மடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் ஒரு மனுஷன் ஒவ்வொரு பருக்கையையும் கவனித்துச் சொன்னார்.

போன மழைக்காலம் முடிகிற சமயம் தெருவில் எல்லோருக்கும் காய்ச்சல். ரேடியோவுக்கும் வந்தது. எல்லோருக்கும் போன மாதிரி போகவும் செய்தது. போகிறபோது அவருடைய மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

காலையில் டீயைக் குடித்துவிட்டு, "ஏம்மா, டீத்தூள் போட மறந்துட்டியா? வெறும் சூடுதான் தெரியுது," என்றார்.

அக்கா வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. சோப்பை மூக்கருகே நீட்டினார். எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளிக் காட்டினார். காபித்தூள் டப்பாவைத் திறந்து வைத்தார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைக்குள் போய்ப் புது டயர் ஒன்றை எடுத்து, குழந்தையை முகர்கிற மாதிரி முகர்ந்தார். எதுவுமே இல்லை. டயரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் பார்த்தார். "நரம்பு சமாச்சாரம். தானா வரலாம், நாளாகலாம், சிலருக்கு வராமலும் போகலாம். சாப்பிடறத மட்டும் விட்டுடாதீங்க," என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மனுஷன் விட்டது அதைத்தான்.

நாலு நாள் ஒரே சாப்பாடு சாப்பிட்டால் நாக்கு செத்துப்போச்சு என்று நாம் எல்லோரும் சொல்வோம். அது என்னவென்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இனிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது, மிளகாய் நாக்கைச் சுட்டது. அதற்கு மேல் எதுவும் இல்லை. மீனும் உருளைக்கிழங்கும் ஒன்று, ஈரக் காகிதத்தை மெல்லுகிற மாதிரி. நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல், கடையில் இருக்கிற உளியை வைத்து பெல்ட்டில் தானே புது ஓட்டை போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் இன்னொன்று.

அதையெல்லாம்கூட அக்கா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு," என்றார்.

தினமும் அதே பதில்தான். எது வைத்தாலும் நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்குப் போன இடத்தில் மரியாதைக்குச் சொல்கிற மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அக்கா கேட்டதே கிடையாது.

ரேடியோவின் தங்கை, அக்காவுக்கு நாத்தனார், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். சாயங்காலமானால் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நிற்பார்.

"அண்ணி, எங்க அண்ணனப் பட்டினி போட்டு சொத்தெல்லாம் எழுதி வாங்கலாம்னு இருக்கீங்களா?"

"எது சொத்து? பின்னாடி துருப்பிடிச்சு நிக்குதே, அந்த சைக்கிளா? இப்பவே ஏறி ஓட்டிட்டுப் போ."

"அதுல பெடல் இல்லையே."

"அதான் உனக்குத் தர்றேன்."

இப்படிப் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்ததும் நாத்தனார் அண்ணனின் சட்டையை வாங்கிப் போய் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டு வருவார். எவ்வளவு பிடித்தேன் என்று அண்ணியிடம் சொல்ல மாட்டார். அண்ணியும் கேட்க மாட்டார்.

இப்போது, அடுப்பில் கேஸ் தீர்ந்துபோன ஒரு சாயங்காலத்துக்கு வருவோம்.

அக்கா காலை வேலை முடிந்து வந்து உருளைக்கிழங்கை வேகவைத்து, தோல் உரித்து வைத்திருந்தார். வாணலியை ஏற்றி எண்ணெய் ஊற்றினார். தாளிப்பதற்காகக் கடுகை உள்ளங்கையில் எடுத்தார். எண்ணெய் காய்வதற்குள் அடுப்பு இரண்டு தடவை துடித்துவிட்டு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி. காயாத எண்ணெயில் கடுகு போட்டால் அது பாட்டுக்கு ஊறிக்கொண்டு கிடக்கும், வெடிக்காது. கையில் கடுகு, எதிரே வெந்த கிழங்கு, உள்ளே பசிக்காத மனுஷன். எரிச்சலில் அக்கா அந்தக் கடுகைச் சின்ன மிக்ஸி ஜாரில் போட்டார். ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் உப்பு. வெந்நீர் வைக்க அடுப்பு இல்லை. குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீரையே விட்டு அரைத்துவிட்டார். அப்புறம் சிலிண்டர்காரருக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டு, கிடைத்து, சண்டை பிடித்து, நாளைக்கு வரும் என்று வாக்கு வாங்கிய பிறகுதான் கிழங்கு ஞாபகம் வந்தது. அரைத்த விழுதையும் கொஞ்சம் எண்ணெயையும் விட்டுப் பிசைந்து, ஆறின சோற்றின் மேல் வைத்துக் கொடுத்தார்.

"ஆறிப் போனதுதான். கேஸ் இல்ல. இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கோங்க."

ரேடியோ ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண் இரண்டிலிருந்தும் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அக்கா பயந்துபோய்த் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"ஏம்மா," என்றார். "ஏம்மா, மூக்குல ஏறுது."

"என்ன ஏறுது?"

"தெரியல. வாசம் இல்ல. ஆனா ஏறுது. யாரோ உள்ள ஜன்னலத் தெறந்து விட்ட மாதிரி இருக்கு."

இன்னொரு வாய் போட்டார். மறுபடியும் கண்ணீர். சிரித்தார், தும்மினார், மறுபடி சிரித்தார். கிழங்கு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். சாப்பிடுகிற நேரமெல்லாம் பேசினார். கடுகு எப்படி முதலில் சும்மா இருக்கிற மாதிரி நடித்துவிட்டு அப்புறம் பின்பக்கமாக வந்து முதுகில் தட்டுகிறது என்று ஒரு பெரிய வர்ணனை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சிலிண்டர் வந்தது. அக்கா நல்ல மீனாக வாங்கினார். நாத்தனாரைக் கூப்பிட்டார். நேற்று அவசரத்தில் ஏனோதானோவென்று செய்ததற்கே அப்படி என்றால், இன்றைக்கு முறையாகச் செய்தால் எப்படி இருக்கும். கடுகை ஒரு கிண்ணத்தில் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றிச் சுத்தமாக ஊறவைத்தார். வேறு எப்படிச் செய்வார். வடித்து, மறுபடி வெந்நீர் விட்டு மை போல அரைத்து, அதில் மீனைப் போட்டுக் கொதிக்கவிட்டார்.

ரேடியோ ஒரு வாய் போட்டார். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

ரேடியோ மூக்கை உறிஞ்சினார். தோளில் கண்ணைத் துடைத்தார். "ஏறுது," என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விளக்கு வைத்த மாதிரி.

நாத்தனார் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "அண்ணி, லேசாக் கசக்குதோ?" என்று ஆரம்பித்தார்.

"உன் வாய்க்கு எதுதான் கசக்கல," என்று அண்ணன் குறுக்கே விழுந்தார். "பேசாம சாப்பிட்டுட்டு எழுந்திரு."

நாத்தனார் அண்ணனை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடுகு ராஜ்ஜியம். கேரட்டில் கடுகு, முட்டையில் கடுகு, முட்டைக்கோஸில் கடுகு. எல்லாம் வெந்நீரில் ஊறி, வெந்நீரில் அரைபட்டு, நன்றாகக் கொதித்துத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் ரேடியோ மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, ஏறுது என்பார். அக்கா சலவைக்கூடத்தில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். இஸ்திரி போடுகிறவர்கூட, "என்ன அக்கா, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்.

அக்கா மதியம் சலவைக்கூடத்திலேயே சாப்பிட்டுவிடுவார். இரவில் அவருக்குப் போட்டு முடித்த பிறகு, அலுப்பில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு படுப்பார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அக்காவின் லீவு நாளில்தான். அப்படி ஒரு லீவு நாளில் அக்கா, தன் தட்டில் போட்டுக்கொள்ளாமல், ஆசையாக அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கசந்தது. மென்று பார்த்தார். கசப்பு மட்டும்தான். தன் மூக்கு நன்றாக இருக்கிற மூக்கு. அதிலேயே எதுவும் ஏறவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். ரேடியோ தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் காய்ந்திருந்தது.

"எத்தன நாளா?" என்றார் அக்கா.

"என்னது எத்தன நாளா?"

"எத்தன நாளா இந்த நடிப்பு?"

அவர் கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினார். "மீன் செஞ்சியே, அன்னைலேர்ந்து," என்றார்.

"ஒரு நாள்கூட ஏறலையா?"

"அந்த மொத நாள் மட்டும்தான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கரண்டிய வெச்சுட்டு சாமி வரம் குடுத்த மாதிரி நின்ன. உன் தலையில தண்ணி ஊத்த மனசு வரல." கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். "அது மட்டும் இல்ல. மிச்சம் இருந்த அந்தத் துளியும் போயிடுச்சுன்னு தோணிச்சு. வாய விட்டுச் சொன்னா அது நிஜமாயிடும். சொல்லாத வரைக்கும் நீயாவது நம்பிட்டு இருப்பேன்னு விட்டுட்டேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் சுவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறோமே என்று கோபம். ஆனால் கோபித்துக்கொள்ள எதிரே உட்கார்ந்திருந்தது பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை போட்டிருக்கிற மனுஷன். எழுந்துபோய் அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"இனிமே பொய் சொல்லாதீங்க," என்றார். "நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க. அதுக்குத்தான நான் சமைக்கிறேன்."

மறுநாள் சலவைக்கூடத்தில் அக்கா முணுமுணுக்கவில்லை. ஆபரேஷன் அறையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தார். ரத்தக் கறை பட்ட விரிப்புகளைத் தனியாக எடுத்து மூலையில் இருக்கிற தொட்டிக்குள் போட்டார். அதில் இருப்பது பச்சைத்தண்ணீர். அந்தக் கூடத்திலேயே வெந்நீர் போகாத இடம் அது ஒன்றுதான். தொட்டிக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத்தண்ணீரில் போடவும். சூட்டில் போட்டால் ரத்தம் இறுகிப்போய்த் துணியிலேயே தங்கிவிடும், அதற்கப்புறம் எந்த ஜன்மத்திலும் போகாது. தினமும் கை தானாகச் செய்கிற வேலை. யோசித்ததே கிடையாது.

அன்றைக்கு யோசித்தார். பச்சைத்தண்ணீருக்குள் கை முழங்கை வரைக்கும் இருந்தபடியே யோசித்தார். வெந்நீர் கெடுக்கிற ஒன்று இதோ கண்ணெதிரே இருக்கிறது. அப்படியென்றால் வெந்நீர் கெடுக்கிற இன்னொன்றும் இருக்கலாம். அந்தச் சாயங்காலம் கேஸ் இல்லை. அன்றைக்கு மட்டும்தான் கடுகு பச்சைத்தண்ணீரில் அரைபட்டது. போனது அவர் மூக்கா, நான் அரைத்த கடுகா?

வேலை முடிந்ததும் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தார். கைப்பையைக் கழற்றாமலே சமையலறைக்குள் போய் இரண்டு கிண்ணத்தை எடுத்து வைத்தார். ஒரே கடுகு, ஒரே அளவு உப்பு. ஒன்றை வெந்நீர் விட்டு அரைத்தார். இன்னொன்றைப் பச்சைத்தண்ணீர் விட்டு அரைத்தார். இரண்டிலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

இரண்டும் கசந்தன. இரண்டும் ஒரே மாதிரி.

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சரி, அவ்வளவுதான். நாம் நினைத்தது இல்லை. மொட்டைமாடியில் காய்ந்த துணி ஞாபகம் வந்தது. போய் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கேயே மடித்து, எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கிண்ணங்களைக் கழுவிப் போடலாம் என்று கையில் எடுத்தார். பச்சைத்தண்ணீர்க் கிண்ணம் முகத்துக்குக் கிட்டே வந்ததுதான் தாமதம், குபீரென்று மூக்கில் அறைந்தது. துணி மூட்டை கீழே விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு கிண்ணத்தை முகர்ந்தார். சேற்றுத் தண்ணீர் மாதிரி சும்மா கிடந்தது.

அரைத்ததும் வராது. பச்சைத்தண்ணீரில் கொஞ்ச நேரம் அதை அதன் பாட்டுக்கு விட வேண்டும். அன்றைக்கு சிலிண்டர்காரரோடு போட்ட சண்டைதான் அந்தக் கொஞ்ச நேரம்.

முன்பக்கம் போய்க் கூப்பிட்டார். "கொஞ்சம் உள்ள வாங்க."

"செயின் கழட்டிப் போட்டிருக்கேன்ம்மா."

"செயின் எங்கயும் ஓடாது. வாங்க."

கையெல்லாம் கிரீஸோடு வந்தார். அக்கா இரண்டு துண்டு அவித்த கிழங்கை எடுத்தார். ஒன்றில் இதைத் தடவினார், ஒன்றில் அதைத் தடவினார். எது எதுவென்று சொல்லவில்லை. முதல் துண்டை அவர் வாயில் ஊட்டினார்.

ரேடியோ மென்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பழக்க தோஷம், மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சம் ஏறுது," என்றார்.

"பொய்."

தலையைக் குனிந்துகொண்டார். "பொய்தான்," என்றார்.

"இத சாப்பிடுங்க."

அடுத்த துண்டு. மென்றார். முதலில் ஒன்றுமில்லை.

அப்புறம் முகம் மாறியது. அது நடிக்கிற முகம் இல்லை. கிரீஸ் கை என்றுகூட ஞாபகமில்லாமல் மூக்கைப் பிடித்தார். மூக்கெல்லாம் கருப்பு. கண்ணீர் அந்தக் கருப்பின் மேல் கோடு போட்டு இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அக்காவும் எதிரே உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கா?" என்றார் அக்கா.

ரேடியோ இல்லை என்று தலையாட்டினார்.

"நல்லா இல்ல," என்றார். "உப்பு பத்தல. கடுக இன்னும் ரெண்டு சுத்து விட்டிருக்கலாம், பல்லுல மணல் மாதிரி நிக்குது. கிழங்கு இந்தப் பக்கம் வெந்திருக்கு, அந்தப் பக்கம் வேகல. யாரும்மா உனக்கு சமையல் சொல்லிக் குடுத்தது?"

அக்கா அழுதுவிட்டார். அப்படி ஒரு அழுகை. குறை சொல்லச் சொல்ல அழுதார். அவரும் விடாமல் சொன்னார். நாத்தனார் அளவு நாடாவோடு உள்ளே வந்து பார்த்தால், அண்ணன் முகமெல்லாம் கிரீஸ், அண்ணி முகமெல்லாம் கண்ணீர், நடுவில் இரண்டு கிண்ணம்.

"என்ன, புருஷன் பொண்டாட்டி சண்டையா? இல்ல சமையலா?"

"சாப்பிட்டுப் பாரு," என்று ரேடியோ இரண்டாவது கிண்ணத்தை நீட்டினார்.

நாத்தனார் விரல் நிறைய எடுத்து வாயில் வைத்தார். இருமல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்தப் பழமொழி சொன்னவங்க வீட்டுல உங்க அண்ணி இருந்திருக்க மாட்டா," என்றார் ரேடியோ. "இவ வெந்நீர் ஊத்தினா யானைக்கே காரம் குறையும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வாசம் இன்னும் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் டீ அவருக்கு வெறும் சூடுதான். கடுகு மருந்து இல்லை என்பது இருவருக்குமே தெரியும். கேட்டால் ரேடியோ, "டயர் மாத்த முடியல. ஆனா ட்யூப்ல காத்து நிக்குது. ஓட்டலாம்," என்கிறார்.

ஓட்டுகிறார்கள். அக்காவின் சமையலே இப்போது வேறு ஒழுங்கில் நடக்கிறது. கடுகைப் பச்சைத்தண்ணீரில் அரைத்து ஒரு ஓரமாக மூடி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மீனைத் தனியாக வேகவைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரம் கை தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் விழுது உள்ளே போகும். கொதியில் போனால் அவ்வளவும் வீண். எலுமிச்சம்பழம் பிழிவதாக இருந்தால் காரம் நன்றாக ஏறிய பிறகு. முன்னாலேயே பிழிந்தால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். ஒவ்வொன்றையும் தப்புச் செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடு குழைத்து மறுபடி உள்ளேயே வைத்துத் தருகிறார். துருவின கேரட்டில் ஒரு கரண்டி. முட்டைக்கோஸுக்கு மட்டும் அரைப்பதில்லை, தாளிப்புதான். அதில் மூக்குக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடுகு பல் நடுவில் நொறுங்குவது ரேடியோவுக்குப் பிடிக்கிறது.

அது மட்டுமில்லை. முன்பெல்லாம் சமையல் வாசம் கடை வரைக்கும் போய் அவரைச் சாப்பிடக் கூப்பிடும். இப்போது அது அவரை எட்டாது. அதனால் அக்கா எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் தாளிக்கிறார். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறார். படபடவென்று அது வெடிக்கிற சத்தம் கேட்டதும் கடையில் ஸ்பேனரைக் கீழே போடுகிற சத்தம் கேட்கிறது.

பெல்ட்டில் கடைசியாகப் போட்ட ஓட்டை இப்போது சும்மா இருக்கிறது. நாத்தனார் பிடித்துத் தைத்த சட்டைகளைப் பிரித்துவிடுகிற வேலையில் இருக்கிறார். "ஒரு குடும்பத்துக்கே ஓசியில தையல்," என்று முணுமுணுத்துக்கொண்டே பிரிக்கிறார்.

ஒரு நாள் பஞ்சர் ஒட்ட வந்த தபால்காரர், தனக்கும் காய்ச்சலுக்கு அப்புறம் ஒன்றும் ருசிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அக்கா உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். தபால்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டார், அழுதார், மறுவாரம் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அக்காவின் லீவு நாளில், மதியம், சைக்கிள் கடைக்கு முன்னால் ஒரு மேஜை போடுகிறார்கள். உருளைக்கிழங்கு, முட்டை, சில நாள் மீன். நாத்தனார் பரிமாறுகிறார். வருகிறவர்களில் பாதிப்பேர் நல்ல மூக்கோடு ருசிக்காக வருகிறவர்கள். மீதிப் பேர் வாசம் போனவர்கள், முதல் வாயை வைத்துக்கொண்டு மூக்கில் ஏறுமா என்று காத்திருக்கிறவர்கள். யாராவது அப்படி உட்கார்ந்தால் அக்கா கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு எதிரே வந்து நிற்கிறார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, கேட்டால் நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். அவருக்குச் சமைக்கிறவருக்கு முதலில் அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நாள் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு எதிர்ச் சந்து, பழைய டயர் தொங்குகிற கடை. சைக்கிள் பஞ்சராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.